மெய்நிகர் குழுவில் ஒருவருடைய மௌனத்தை எப்படிப் படிக்கிறோம்?

கேள்வி சுருக்கமாக இது: ஒன்பது பேர் கொண்ட குழு. ஒரே அறையில் இருந்தவரை நன்றாக ஓடியது. இப்போது ஆளுக்கொரு ஊரில் இருந்து வேலை செய்கிறார்கள். ஆட்களும் பெரிதாக மாறவில்லை, திறமையும் குறையவில்லை, கருவிகள் முன்பைவிட அதிகம். ஆனாலும் வேலை இழுக்கிறது, ஒரே வேலையை இரண்டு பேர் செய்துவிடுகிறார்கள், சின்ன விஷயத்துக்கெல்லாம் மனக்கசப்பு வருகிறது. இதற்கு உளவியல், சமூகக் காரணங்கள் என்னென்ன?

மெய்நிகர் குழுக்கள் என்று சொல்லப்படும், இப்படிச் சிதறிக் கிடக்கும் குழுக்களில் நான் பல வருடங்கள் வேலை செய்திருக்கிறேன், சிலவற்றை நடத்தியும் இருக்கிறேன், இந்தத் துறை ஆய்வுகளையும் விடாமல் படித்து வருகிறேன். பதில் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிக்கலுக்குப் பெரும்பாலான இடங்களில் 'தகவல் தொடர்பு போதவில்லை' என்று பெயர் வைத்து, மருந்தாக வாரத்துக்கு இன்னும் இரண்டு மீட்டிங் எழுதிக் கொடுப்பார்கள். உங்கள் குழுவில் பேச்சு குறைந்திருக்காது என்பது என் கணிப்பு. எண்ணிப் பார்த்தால் கூடியே இருக்கும். யாரும் வாய் திறந்து சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயங்கள்தான் காணாமல் போயிருக்கும்.

பக்கத்து மேசைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் வந்ததிலிருந்து இரண்டு திரைகளையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருக்கிறார். காபி ஆறிப்போய் ஏடு படிந்து நிற்கிறது. நடுவில் இரண்டு முறை போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் வந்தார். நீங்கள் பத்து மணிக்கு அனுப்பிய கேள்விக்கு மதியம்வரை பதில் இல்லை. உங்களுக்குக் கோபம் வருமா? வராது. 'பாவம், ஏதோ பெரிதாக மாட்டிக்கொண்டிருக்கிறார்' என்று வேறு வேலையைப் பார்ப்பீர்கள். அதே ஆள் 600 கிலோமீட்டர் தள்ளி இருந்து, அதே கேள்விக்கு, அதே மதியம்வரை பதில் போடாமல் இருந்தால்? அவருடைய பெயருக்குப் பக்கத்தில் 'இணைப்பில் இருக்கிறார்' என்று காட்டும் பச்சைப் புள்ளி வேறு எரிந்துகொண்டிருந்தால்? இரண்டு மணிக்கெல்லாம் அவரைப் பற்றி உங்கள் மனதில் ஒரு தீர்ப்பே எழுதி முடிந்திருக்கும்.

நேரில் இருக்கும்போது ஒருவருடைய நிலைமை நம் ஓரக்கண்ணில் படுகிறது. தூரத்தில் இருக்கும்போது அவர் அனுப்ப நினைத்தது மட்டும்தான் வந்து சேர்கிறது. மீதி எல்லாம் மௌனம். அந்த மௌனத்தை மனம் வெறுமனே விட்டு வைக்காது, ஏதாவது கதை எழுதி நிரப்பிவிடும். மெய்நிகர் குழுக்களின் உளவியலில் பாதிக்கு மேல் அந்தக் கதையைப் பற்றியதுதான் என்று நினைக்கிறேன்.

இதை நன்றாகப் பிடித்துக் காட்டியவர் கேத்தரின் கிராம்டன் என்ற ஆய்வாளர். 2001இல் வெளியான அவருடைய ஆய்வு, வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டு சேர்ந்து வேலை செய்த 13 மாணவர் குழுக்களின் மின்னஞ்சல்களையும் உரையாடல்களையும் வரி வரியாகப் பார்த்தது. அவர் கண்டது: எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த விஷயம் பல சமயம் எல்லோருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒருவருக்கு மெயில் போய்ச் சேரவில்லை. இன்னொருவருக்குச் சேர்ந்தது, ஆனால் அதில் எது முக்கியம் என்று அனுப்பியவர் நினைத்தாரோ அது கண்ணில் படவில்லை. மௌனத்துக்கோ ஏகப்பட்ட அர்த்தங்கள்: சம்மதம், எதிர்ப்பு, ஊரில் இல்லை, கேள்வி தனக்கில்லை என்று நினைத்தது, புரியவில்லை ஆனால் கேட்கக் கூச்சம், கணினி பழுது. பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இத்தனை அர்த்தங்களில் மனம் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதில்தான் வினை இருக்கிறது. லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977இல் ஒரு மனப் பிழைக்குப் பெயர் வைத்தார். 'அடிப்படைக் காரணப் பிழை' என்று தமிழில் சொல்லலாம். நான் தாமதமாக வந்தால் காரணம் போக்குவரத்து நெரிசல், நீ தாமதமாக வந்தால் காரணம் உன் அலட்சியம். அடுத்தவருடைய சூழ்நிலை நம் கண்ணில் படாததால் பழியை அவருடைய குணத்தின்மேல் போட்டுவிடுகிறோம். நேரில் இருக்கும்போது சூழ்நிலையின் ஒரு பகுதியாவது தெரியும், அதனால் பிழை கொஞ்சம் அடங்கியிருக்கும். தூரத்தில் சூழ்நிலை சுத்தமாகத் தெரியாது. ஆக, குணம் ஒன்றுதான் மிச்சம்: 'சோம்பேறி', 'பொறுப்பில்லை', 'நம்மை மதிப்பதில்லை'.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வேலையில் தூரத்து ஊரில் இருந்த சக ஊழியர் ஒருவர் நான்கு நாட்களாக எதுவும் செய்யவில்லை. தினமும் காலையில் பச்சைப் புள்ளியோடு வருவார், மாலையில் போவார், எங்கள் பொதுக் கோப்புறையில் ஒரு மாற்றமும் இருக்காது. நாங்கள் மூன்று பேர் தனி சாட்டில் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். (தனி சாட் என்பது மெய்நிகர் குழுவின் திண்ணை, அங்கே ஒருமுறை தீர்ப்பு எழுதிவிட்டால் மேல்முறையீடு கிடையாது.) ஐந்தாம் நாள் நான் கொஞ்சம் காரமாகவே கேட்டேன். அவர் சொன்னார்: "நீங்கள் இன்னும் கோப்புகளைப் போடவில்லையே, அதற்காகத்தானே காத்துக்கொண்டிருக்கிறேன்." கோப்புறையைத் திறக்கும் அனுமதியில் அவருடைய பெயர் விட்டுப்போயிருந்தது. அவர் பக்கம் திறந்தால் காலியாகத் தெரிந்தது. நான்கு நாட்களாக அவர் எங்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தார், நாங்கள் அவரை. ஒரே அறையில் இருந்திருந்தால் இது பதினைந்து நிமிட விஷயம், "அட, எனக்கு ஒன்றுமே காட்டவில்லையே" என்று திரையைத் திருப்பியிருப்பார். அனுமதியைச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஆனது. எங்களுக்குள் விழுந்த கசப்பு போக இரண்டு மாதம் ஆனது.

தூரத்தின் கணக்கு நாம் நினைப்பதைவிட மிகக் கடுமையானது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்களின் இருக்கைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும், அவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது வேலை பற்றிப் பேசிக்கொள்ளும் வாய்ப்பையும் வரைபடமாகப் போட்டார். முதல் முப்பது மீட்டருக்குள்ளேயே கோடு மளமளவென்று விழுந்துவிடுகிறது. ஐம்பது மீட்டரைத் தாண்டினால் அடுத்த மாடி, அடுத்த ஊர் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். இன்றைக்குக் கையில் போன் இருந்தும், ஒரு சந்தேகத்துக்காக எழுந்து போகாத கால்களைப்போலவே நம் விரலும் தயங்குகிறது. 'இதுக்கெல்லாம் போய் ஒரு போன் போடணுமா' என்ற தயக்கம் ஒவ்வொரு நாளும் பத்துப் பதினைந்து முறை வந்து போகும். அந்தப் பதினைந்து தயக்கங்கள்தான் மாதக் கடைசியில் 'ஒரே வேலையை இருவர் செய்துவிட்டோம்' என்று வந்து நிற்கின்றன.

சரி, எழுத்துக்கு வருவோம். மௌனம் போக மீதி இருப்பது எழுத்து. எழுத்தில் குரல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குரல் இல்லை என்பது எழுதுகிறவருக்குத் தெரிவதில்லை என்பதுதான் உண்மையான தொல்லை. ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கேலியாகவும் நேராகவும் எழுதிய வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். எது கேலி என்று படிப்பவர் நூற்றுக்கு 78 முறை சரியாகச் சொல்லிவிடுவார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் 56. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது வரும். குரலில் சொன்னபோது 73 வந்தது. ஏன் இந்த அளவு தன்னம்பிக்கை? எழுதும்போது நம் தலைக்குள் நம் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது மறுமுனைக்கும் கேட்கிறது என்று நினைத்துவிடுகிறோம். இதே விஷயத்தை 1990இல் எலிசபெத் நியூட்டன் இன்னும் அழகாகக் காட்டினார். தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்டிக் காட்டச் சொன்னார். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் சொன்னார்கள். தட்டிய 120 பாட்டுகளில் மூன்றைத்தான் கேட்டவர்கள் கண்டுபிடித்தார்கள்.

'சரி' என்ற ஒரு சொல்லையே எடுங்கள். 'சரி', 'சரி.', 'சரிங்க', 'சரி சரி', 'சரி பார்ப்போம்' என்று எத்தனை இருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு மேனேஜரிடமிருந்து வெறும் 'சரி.' என்று முற்றுப்புள்ளியோடு வந்தால், ஒருவர் அதை எத்தனை முறை திறந்து திறந்து படிப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்படிப் படித்திருக்கிறேன். அனுப்பியவரோ சாப்பிட்டுக்கொண்டே ஒரு கையால் தட்டியிருப்பார். எமோஜி சிறுபிள்ளைத்தனம் என்று நினைக்கும் மேலதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் குழுவில் எத்தனை தூக்கம் கெடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு சிரிப்பு முகமோ, 'நல்லா வந்திருக்கு' என்ற இரண்டு சொல்லோ போட ஒரு விநாடிதான் ஆகும்.

அடுத்தது நம்பிக்கை. பழகப் பழக நம்பிக்கை வரும் என்பது பொது அறிவு. மெய்நிகர் குழுக்களில் இது தலைகீழாக நடக்கிறது. டெப்ரா மேயர்சனும் உடன் எழுதியவர்களும் 1996இல் 'உடனடி நம்பிக்கை' என்ற கருத்தை முன்வைத்தார்கள்: குறுகிய காலத்துக்குச் சேரும் குழுக்களில் ஆட்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள நேரமில்லாததால், முதல் நாளே நம்பிக்கையைக் கடனாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் வேலையைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். சிர்க்கா ஜார்வன்பாவும் டோரதி லைட்னரும் 1999இல் நாடு நாடாகப் பிரிந்திருந்த மாணவர் குழுக்களைப் பார்த்தபோது இந்த உடனடி நம்பிக்கை அங்கே உண்டாவதையும், அது எவ்வளவு எளிதில் உடைகிறது என்பதையும் கண்டார்கள். தொடக்கத்தில் உற்சாகமும் கலகலப்பும் மட்டும் இருந்த குழுக்களுக்கு அது கடைசிவரை போதவில்லை. கேட்டதற்குச் சட்டென்று பொருளோடு பதில் சொல்வது, 'நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று முன்வருவது, இன்ன நாளில் இருக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்வது போன்ற சப்பென்ற விஷயங்கள்தான் நம்பிக்கையைக் காப்பாற்றின.

இதில் என் அனுபவம் ஒன்றைச் சேர்க்கிறேன். தூரத்தில் இருப்பவரை நாம் நம்புவது அவர் வேகமானவர் என்பதற்காக இல்லை, அவர் எப்போது என்ன செய்வார் என்று தெரிந்திருப்பதற்காக. ஒரு சக ஊழியர் மெயிலுக்கு மறுநாள் காலைதான் பதில் போடுவார், ஒருநாளும் தவறாது. அவரைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. இன்னொருவர் சில சமயம் இரண்டு நிமிடத்தில், சில சமயம் மூன்று நாளில். சராசரி பார்த்தால் இவர்தான் வேகம். ஆனால் எல்லோரும் புலம்பியது இவரைப் பற்றித்தான்.

உளவியல் பாதுகாப்பு என்ற சொல்லை இப்போது எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், அதனால் கொஞ்சம் தேய்ந்தும் விட்டது. மூலத்துக்குப் போனால் இன்னும் கூர்மையாக இருக்கிறது. ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார், ஆனால் நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. பிறகுதான் புரிந்தது: அங்கே தவறு அதிகமாக நடக்கவில்லை, அதிகமாக வெளியே சொல்லப்பட்டது. சொன்னால் தலை போகாது என்ற தைரியம் அங்கே இருந்தது. அந்தத் தைரியம்தான் உளவியல் பாதுகாப்பு. 1999இல் இதை அவர் ஒரு கோட்பாடாகவே எழுதினார். பின்னாளில் கூகுள் தன்னுடைய சுமார் 180 குழுக்களை ஆராய்ந்தபோதும், குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட இந்தப் பாதுகாப்பு உணர்வுதான் முன்னுக்கு வந்தது.

திரை வழி வேலையில் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நடைபாதையில் கேட்ட முட்டாள்தனமான சந்தேகம் காற்றோடு போய்விடும். நாற்பது பேர் இருக்கும் பொது சேனலில், அதாவது எல்லோரும் படிக்கும் அரட்டைப் பக்கத்தில், கேட்ட சந்தேகம் அங்கேயே கிடக்கும், பெயரோடும் நேரத்தோடும். தேடினால் மூன்று வருடம் கழித்தும் வரும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சேனலில் ஏதோ எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்: 'டைப் செய்கிறார்' என்று மூன்று புள்ளிகள் ஆடின, நின்றன, மறுபடி ஆடின. நான்கு நிமிடம். கடைசியில் ஒன்றும் வரவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ என்று அழித்துவிட்டேன்" என்றார். அவர் கேட்க வந்த கேள்விக்கு எங்களில் மூத்தவர்கள் இருவருக்கே விடை தெரியாது.

உங்கள் குழுவில் கடந்த ஒரு வருடத்துக்குள் சேர்ந்தவர்கள் இருந்தால் முதலில் அவர்களைப் பாருங்கள். பழைய ஆட்கள் முன்பு ஒரே அறையில் சேர்த்து வைத்த பழக்கத்தை இன்னும் செலவு செய்துகொண்டிருக்கிறார்கள். புதியவர்களிடம் அந்தச் சேமிப்பே இல்லை. யார் எதற்குச் சிடுசிடுப்பார், யாரிடம் எதையும் கேட்கலாம், 'அவசரம்' என்று இந்த இடத்தில் சொன்னால் உண்மையில் எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது. அறையில் இருந்தால் இரண்டு வாரத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். பொது சேனலில் மூத்தவர் ஒருவர் வாரத்துக்கு ஒரு முறையாவது 'எனக்கு இது புரியவில்லை, யாராவது சொல்லுங்கள்' என்று எழுதினால், பத்து அறிவுரைகள் செய்யாததை அது செய்யும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணின் முதல் கேள்வி வந்தது.

குழுவுக்குள் குழு உண்டாவதையும் கவனியுங்கள். ஒன்பது பேரும் ஒன்பது இடத்தில் இருந்தால் ஒருவிதத்தில் நல்லது. ஐந்து பேர் ஓரிடம், நான்கு பேர் இன்னோரிடம் என்றால் சிக்கல் ஆரம்பம். மைக்கேல் ஓ'லியரியும் மார்க் மார்ட்டென்சனும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இடவாரியாகக் கூட்டமாக அமைந்த குழுக்களில் 'நாங்கள், அவர்கள்' என்ற பிரிவினையும் மோதலும் கூடின. ஓரிடத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் தனியாக இருந்த குழுக்கள் அந்த அளவு பிளவுபடவில்லை. கேட்க வியப்பாக இருந்தாலும் யோசித்தால் புரிகிறது. தனி ஆள் ஒருவர் இருந்தால் எல்லோரும் அவரை நினைவில் வைத்து எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். நான்கு பேர் இருந்தால் 'அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள்' என்று விட்டுவிடுவோம். அவர்களும் நிஜமாகவே தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், பெரும்பாலும் நம்மைப் பற்றி.

பாதி அலுவலகம், பாதி வீடு என்ற கலப்பு மீட்டிங்குகள் இந்த வகையில் மிக மோசம். அறைக்குள் ஆறு பேர், திரையில் மூன்று பேர். அறையில் யாரோ மெல்லச் சொன்ன நகைச்சுவைக்கு ஆறு பேர் சிரிக்கிறார்கள், திரையில் மூன்று பேர் என்ன என்று தெரியாமல் புன்னகைக்கிறார்கள். மீட்டிங் முடிந்து திரை அணைந்த பிறகு கதவருகே நின்று இரண்டு நிமிடம் பேசியதில்தான் உண்மையான முடிவு எடுக்கப்படுகிறது. மேனேஜர் அறைக்குள் இருப்பவராக இருந்தால் அடுத்த நல்ல வேலை யாருக்குப் போகும் என்று ஊகிக்கத் தேவையில்லை. ஒருவராவது திரை வழி வருகிறார் என்றால் எல்லோரும் அவரவர் கணினியில் இருந்தே சேருங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். அறையில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

குழுவுக்கு வெளியே இருக்கும் உறவுகளும் வற்றுகின்றன, இது மெதுவாக நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. 2020இன் முதல் ஆறு மாதங்களில் மைக்ரோசாஃப்டின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் தொடர்புத் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை 2022இல் வந்தது. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபின், நெருங்கிய வட்டத்துக்குள் பேச்சு இறுகியது. வட்டங்களுக்கு இடையிலான பாலங்கள் குறைந்தன. நேரடிப் பேச்சு குறைந்து மெயிலும் குறுஞ்செய்தியும் கூடின. பழைய நட்புகள் நிலைத்தன, புதிய அறிமுகங்கள் குறைந்தன. புதுத் தகவல் பெரும்பாலும் நமக்கு மேலோட்டமாகப் பழக்கமானவர்களிடமிருந்துதான் வருகிறது என்பதால் இது சாதாரண இழப்பு இல்லை.

இனி எல்லா மேனேஜர்களும் முதலில் கேட்கும் கேள்வி: கண்காணிக்க ஆள் இல்லாவிட்டால் ஏமாற்ற மாட்டார்களா? கூட்டத்தோடு சேர்ந்தால் மனிதர் கொஞ்சம் தளர்வது உண்மைதான். பிரெஞ்சுப் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மன் 1913இல் வெளியிட்ட கயிறு இழுக்கும் சோதனைகளிலேயே, ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்தது. 1979இல் பிப் லாட்டனேயும் உடன் ஆய்வாளர்களும் கைதட்டவும் கத்தவும் சொல்லிப் பார்த்ததிலும் அதேதான். ஆனால் அந்தத் தளர்ச்சிக்கு முக்கியமான காரணம், தன் பங்கு தனியாகத் தெரியாது என்ற எண்ணம். யாருடைய பங்கு எது என்று தெளிவாகத் தெரிந்தால் தளர்ச்சி பெருமளவு போய்விடுகிறது. 'இதை டீம் பார்த்துக்கொள்ளும்' என்று எழுதிய வேலையை யாரும் பார்க்காமல் போவதற்கு சோம்பேறித்தனம் காரணமில்லை, பெயர் இல்லாததுதான் காரணம்.

இதைப் புரிந்துகொள்ளாமல் மவுஸ் அசைவை எண்ணும் மென்பொருளைப் போடுகிறார்கள். போட்ட மறுவாரமே மவுஸைத் தானாக அசைக்கும் கருவியை ஊழியர் வாங்குகிறார். இரண்டுக்கும் செலவு. 2022 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கருத்துக்கணிப்பில் ஊழியர்களில் 87 சதவீதம் பேர் தாங்கள் நன்றாக வேலை செய்வதாகச் சொன்னார்கள். தன் குழு நன்றாக வேலை செய்கிறது என்று முழு நம்பிக்கையோடு சொன்ன தலைவர்கள் 12 சதவீதம்தான். இரு பக்கமும் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் அந்த இடைவெளியில் முன்னே சொன்ன அதே கதைதான் ஓடுகிறது. கண்ணில் படாதவர் வேலை செய்யவில்லை என்று மனம் எழுதிக்கொள்கிறது. கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்தவர் வேலையைவிட வேலை செய்வதுபோலத் தெரிவதில் நேரத்தைப் போடுகிறார். இரவு பதினொரு மணிக்குப் போகும் மெயில்களில் கணிசமானவை இந்த ரகம்.

தூரத்து வேலை உற்பத்தியைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. நிக்கலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் ஒன்பது மாதச் சோதனை நடத்தினார்கள். விருப்பம் தெரிவித்த கால் சென்டர் ஊழியர்களைப் பிறந்த தேதியை வைத்துப் பிரித்து, ஒரு பாதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. முடிவுகள் 2015இல் வெளியாயின. இதைக் காட்டி வாதாடுபவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, அந்த வேலையில் ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. போனை எடுத்துத் தனியாகவே முடிக்கலாம். உங்கள் குழு அப்படி இல்லை. இரண்டாவது, சோதனை முடிந்து மறுபடி விருப்பம் கேட்டபோது கணிசமானோர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் சொன்ன முக்கியமான காரணம் தனிமை. வேலை கூடியிருந்தும் மனம் தாங்கவில்லை.

வீடியோ மீட்டிங் சோர்வைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்கு காரணங்களைச் சொன்னார்: மிக அருகில் வெறித்துப் பார்க்கும் முகங்கள், நாள் முழுக்கக் கண்ணாடிபோலத் தன் முகம், அசைய முடியாமல் ஒரே இடம், சைகைகளை வலிந்து காட்டவும் படிக்கவும் ஆகும் மூளை உழைப்பு. அதே ஆண்டில் கிறிஸ்டன் ஷாக்லியின் குழு நான்கு வாரம் நடத்திய கள ஆய்வில், கேமரா போட்ட நாட்களில் சோர்வு கூடியது. பெண்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அது இன்னும் அதிகம். 'எல்லோரும் கேமராவைப் போடுங்கள், அப்போதுதான் ஒட்டுதல் வரும்' என்று கட்டாயப்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. மனிதப் பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவிநாடி அளவுதான் என்று பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆய்வு சொல்கிறது. இணைய வழியில் அதைவிடச் சற்று அதிகத் தாமதம் சாதாரணமாக வரும். அந்தத் தாமதத்தை மனம் இணையத்தின்மேல் போடுவதில்லை. 'இவர் ஈடுபாடில்லாமல் பேசுகிறார்', 'பதில் சொல்ல யோசிக்கிறார்' என்று ஆளின்மேல் போடுகிறது. தாமதத்தைச் செயற்கையாகக் கூட்டிப் பார்த்த ஆய்வுகளிலும், பேசிய ஆளையே கவனமில்லாதவராக எதிர்முனையில் மதிப்பிட்டார்கள். அரை விநாடி மௌனம்கூடக் கதையாகிவிடுகிறது பாருங்கள்.

புதிய யோசனை தேடும் கூட்டங்களை மட்டும் முடிந்தால் நேரில் வையுங்கள். மெலனி புரூக்ஸும் ஜொனாதன் லெவாவும் 2022இல் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில், வீடியோவில் பேசிய ஜோடிகள் நேரில் பேசியவர்களைவிடக் குறைவான யோசனைகளைச் சொன்னார்கள். கண் திரையிலேயே கட்டுண்டு கிடந்ததால் மனமும் அலையவில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். வந்த யோசனைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோ ஜோடிகள் பின்தங்கவில்லை. ஆக, யோசிக்க நேரில், முடிவெடுக்கத் திரையில். நேரில் வர வழியே இல்லையென்றால் யோசிக்கும் நேரத்துக்கு மட்டும் கேமராவை அணைத்துவிட்டு, நடந்துகொண்டே போனில் பேசச் சொல்லுங்கள். எங்களுக்கு அது நன்றாகவே வேலை செய்தது.

நேர வித்தியாசமும் மொழியும் பெரிய தலைப்புகள், உங்கள் கேள்வியில் அவை இல்லாததால் ஒரே ஒரு விஷயம். இரண்டாம் மொழியில் பேசுபவர் மீட்டிங்கில் வாய் திறக்காமல் இருந்தால் அவருக்குக் கருத்தில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. கேள்விகளை முந்தின நாளே எழுதி அனுப்பினால் அவர் பேசுவார்.

உங்கள் ஒன்பது பேருக்கு நான் முதலில் செய்யச் சொல்வது பெரிய மாற்றம் எதுவும் இல்லை. புதிய கருவி வேண்டாம், குதூகலக் கூட்டங்களும் வேண்டாம் (வெள்ளிக்கிழமை மாலை கட்டாய விளையாட்டு வைத்து ஒற்றுமை வளர்ந்ததாக நான் பார்த்ததில்லை). ஒவ்வொருவரும் தான் எந்தெந்த நேரம் இருப்பார், எதற்கு எவ்வளவு நேரத்தில் பதில் சொல்வார், உண்மையான அவசரம் என்றால் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நான்கு வரியில் எழுதிப் பொதுவில் வைக்கட்டும். பதில் தெரியாவிட்டாலும் 'பார்த்தேன், நாளை சொல்கிறேன்' என்று ஒரு வரி போடும் பழக்கம் வரட்டும். எந்த வேலைக்கும் 'டீம்' என்று எழுதாமல் ஒரு பெயரை எழுதுங்கள்.

அப்புறம், இதற்கெல்லாம் முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கடந்த ஒரு மாதத்தில் உங்கள் குழுவில் பதில் வராமல் போன பத்துச் செய்திகளைத் தேடி எடுங்கள். ஒவ்வொன்றையும் அனுப்பியவரிடம், 'பதில் வராதபோது என்ன நினைத்தீர்கள்?' என்று தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் சொல்லாதவரிடம், 'அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது?' என்று கேளுங்கள். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர்களை எடுத்துவிட்டு, ஒன்பது பேருக்கும் படித்துக் காட்டுங்கள். நாங்கள் இதைச் செய்தபோது நாலாவது செய்திக்கு வருவதற்குள் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நாலாவது, என் கோப்புறைக் கதை.